பிளாஷ் நினைவி

பிளாஷ் நினைவி என்பது, அடோபி பிளாஷ் பிளேயர் என்னும் உலாவிச் செருகுநிரலின் வழியாக இணையத்தளங்கள் பயனரின் கணினியில் எழுதி வைத்த சிறு தரவுக் கோப்பு ஆகும். இதன் முறையான பெயர் லோக்கல் ஷேர்டு ஆப்ஜெக்ட் என்பதாகும். விளையாட்டில் எடுத்த புள்ளிகள், நிகழ்படத்துக்குத் தேர்ந்த ஒலியளவு போன்றவற்றை நினைவில் வைத்திருப்பதற்காகவே இது உருவாக்கப்பட்டது. எனினும், உலாவியின் நினைவிகளை (குக்கிகளை) அழித்துவிட்ட பயனரையும் மீண்டும் அடையாளம் காண விளம்பர, புள்ளிவிவர நிறுவனங்கள் இதனைப் பயன்படுத்தின. இதனால் 2005 முதல் 2011 வரையான ஆண்டுகளில் இணையத் தனியுரிமை குறித்த விவாதங்களில் இது முதன்மையான இடத்தைப் பெற்றது.

பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. ஆயினும், ஒரு செருகுநிரலின் அமைப்புகள் உலாவியின் அமைப்புகளுக்கு வெளியே இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இது நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பின்னணி

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. சற்றுமுன் ஒரு பக்கத்தைக் கேட்டவர்தான் இப்போது அடுத்த பக்கத்தையும் கேட்கிறார் என்பதை வழங்கி தானாக அறிய இயலாது. இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி 1994 ஆம் ஆண்டில் நினைவியை உருவாக்கினார். வழங்கி ஒரு சிறு குறிப்பை அனுப்பும். உலாவி அதனை வைத்திருந்து, அதே தளத்துக்கு அடுத்த முறை செல்லும்போது திருப்பிக் கொடுக்கும். இணையக் கடையில் தெரிவு செய்த பொருட்கள் கூடையில் நிலைத்திருப்பதும், கடவுச்சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்காமல் இருப்பதும் இதனால்தான்.

ஒரே பக்கத்தில் பல நிறுவனங்களின் உள்ளடக்கம் இடம்பெறலாம். செய்தித்தளம் ஒன்றில் உள்ள விளம்பரப் படம் வேறொரு நிறுவனத்தின் வழங்கியிலிருந்து வரும்போது, அந்நிறுவனமும் தன் நினைவியை எழுத முடியும். இது மூன்றாம் தரப்பு நினைவி எனப்படும். அதே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் இடம்பெற்றிருந்தால், ஒரே அடையாள எண்ணைக் கொண்டு அந்த ஆயிரம் தளங்களிலும் பயனர் சென்று வந்த தடத்தை அதனால் கோர்த்துப் பார்க்க இயலும். இணையப் பின்தொடர்தல் என்பதன் அடிப்படை இதுவே.

உலாவிகள் இதற்குச் சில தற்காப்புகளை அளித்தன. நினைவிகளைப் பார்வையிடவும், அழிக்கவும், மூன்றாம் தரப்பு நினைவிகளை மட்டும் தடுக்கவும் பயனரால் முடிந்தது. 2000களின் நடுப்பகுதியில் பலர் நினைவிகளை அவ்வப்போது அழிக்கத் தொடங்கினர். பிளாஷ் நினைவி பின்தொடர்தலுக்குப் பயன்படத் தொடங்கியது இந்தச் சூழலில்தான்.

தோற்றமும் சேமிக்கப்படும் இடமும்

மாக்ரோமீடியா நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளாஷ் பிளேயர் 6 ஆம் பதிப்பில் இவ்வசதி அறிமுகமானது. 2005 டிசம்பரில் அந்நிறுவனத்தை அடோபி வாங்கியது. பிளாஷ் பிளேயர் மிகப் பெரும்பாலான மேசைக் கணினிகளில் நிறுவப்பட்டிருந்ததால், இவ்வசதியும் அவை அனைத்திலும் இருந்தது.

பிளாஷ் நினைவிகள் எஸ்.ஓ.எல். என்னும் பின்னொட்டுடன் கூடிய கோப்புகளாகச் சேமிக்கப்பட்டன. இவை உலாவியின் கோப்புறையில் இல்லாமல், பயனரின் கணக்குக்குள் மாக்ரோமீடியா என்ற பெயரிலான தனிக் கோப்புறையில் இருந்தன. விண்டோஸ் கணினிகளில் பயன்பாட்டுத் தரவுக் கோப்புறையிலும், மாக் கணினிகளில் நூலகத்தின் விருப்பத்தேர்வுகள் கோப்புறையிலும், லினக்ஸ் கணினிகளில் பயனரின் முகப்பு அடைவில் மறைந்திருக்கும் கோப்புறையிலும் இவற்றைக் காணலாம்.

சாதாரண நினைவியுடன் ஒப்பீடு

பிளாஷ் நினைவி பின்வரும் வகைகளில் சாதாரண நினைவியிலிருந்து வேறுபட்டது.

அளவு: சாதாரண நினைவி ஒன்று ஏறத்தாழ 4 கிலோபைட்டு அளவே கொள்ளும். பிளாஷ் பிளேயர் ஒவ்வொரு தளத்துக்கும் 100 கிலோபைட்டு வரை பயனரைக் கேட்காமலேயே அனுமதித்தது.

ஆயுள்: சாதாரண நினைவிக்குக் காலாவதி நாள் குறிக்கலாம், குறிக்காவிட்டால் உலாவியை மூடும்போது அது நீங்கும். பிளாஷ் நினைவிக்குக் காலாவதி என்பது இல்லை.

பொதுமை: இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் எழுதப்பட்ட சாதாரண நினைவியைப் பயர்பாக்ஸ் படிக்க இயலாது. பிளாஷ் நினைவியோ ஒரே கணக்கில் இருந்த உலாவிகளுக்குப் பொதுவாக இருந்தது. எனவே உலாவியை மாற்றிய பயனரும் அதே பயனராகவே அறியப்பட்டார். குரோம் உலாவி தன்னுடன் சேர்த்து வழங்கிய பிளாஷ் மட்டும் பின்னாளில் தனிச் சேமிப்பிடத்தைப் பயன்படுத்தியது.

புலப்பாடு: உலாவியின் நினைவிப் பட்டியலில் பிளாஷ் நினைவிகள் தோன்றவில்லை. "நினைவிகளை அழி" என்னும் கட்டளை இவற்றைத் தொடவில்லை. உலாவிகளின் தனிப்பட்ட உலாவல் முறையும் 2010 ஆம் ஆண்டு வரை இவற்றைக் கட்டுப்படுத்தவில்லை.

அழித்த நினைவி மீண்டும் தோன்றுதல்

இவ்வேறுபாடுகளைப் பயன்படுத்தி, அழிக்கப்பட்ட நினைவியை மீண்டும் உருவாக்கும் நுட்பம் வளர்ந்தது. இது நினைவி மீட்டெழுப்பல் எனப்படும். இதன் வழிமுறை எளியது. தளம் முதலில் ஓர் அடையாள எண்ணைச் சாதாரண நினைவியிலும் பிளாஷ் நினைவியிலும் எழுதும். பயனர் சாதாரண நினைவியை அழித்துவிட்டு மீண்டும் அத்தளத்துக்கு வரும்போது, பக்கத்தில் உள்ள பிளாஷ் நிரல் தன்னிடம் உள்ள எண்ணை எடுத்துக் கொடுக்கும். அதே எண்ணுடன் சாதாரண நினைவி மறுபடியும் எழுதப்படும். இந்தப் பிளாஷ் நிரல் கண்ணுக்குத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒரு படப்புள்ளி அளவில் பக்கத்தின் மூலையில் இருந்தாலும் போதுமானது.

யுனைட்டட் வர்ச்சுவாலிட்டீஸ் என்னும் நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் இத்தகைய நுட்பத்தை வெளிப்படையாகவே விற்பனைக்கு அறிவித்தது. நினைவிகளை அழிக்கும் பயனர்களால் விளம்பரதாரர்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இந்நுட்பத்தின் மீதான முதன்மையான எதிர்ப்பும் இந்நோக்கத்தைப் பற்றியதே. நினைவியை அழிப்பது தன்னைப் பின்தொடர வேண்டாம் என்று பயனர் தெரிவிக்கும் விருப்பமாகும். மீட்டெழுப்பல் அவ்விருப்பத்தை அறிந்தும், அவருக்குத் தெரியாமல் அதனை மாற்றியது.

ஆய்வுகள்

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு இதனைப் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதிகம் பார்க்கப்பட்ட 100 இணையத்தளங்களை ஆராய்ந்ததில் 54 தளங்கள் பிளாஷ் நினைவிகளைப் பயன்படுத்தியது தெரியவந்தது. தமது தனியுரிமைக் கொள்கையில் இதனைக் குறிப்பிட்ட தளங்கள் 4 மட்டுமே. அழிக்கப்பட்ட நினைவிகள் மீட்டெழுப்பப்படுவதையும் அவ்வாய்வு நேரடியாகப் பதிவு செய்தது.

2010 செப்டம்பரில் சாமி கம்கார் என்னும் நிரலாளர் எவர்குக்கி என்னும் நிரலை வெளியிட்டார். ஒரே அடையாள எண்ணைச் சாதாரண நினைவி, பிளாஷ் நினைவி, உலாவியின் இடைமாற்றகம் எனப் பல இடங்களில் எழுதி, ஒன்று எஞ்சினாலும் மற்றவற்றை மீண்டும் உருவாக்க முடியும் என்பதை இது காட்டியது. 2014 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வில், முன்னணி 10,000 தளங்களுள் 107 தளங்களில் பிளாஷ் வழியான மீட்டெழுப்பல் காணப்பட்டது.

அமைப்பு மேலாளர்

பிளாஷ் நினைவிகளைக் கட்டுப்படுத்தும் வழி தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது அமைப்பு மேலாளர் எனப்பட்டது. ஆனால் இது உலாவியிலோ கணினியின் கட்டுப்பாட்டுப் பலகத்திலோ இல்லை. மாக்ரோமீடியாவின் இணையத்தளத்தில் இருந்த ஓர் உதவிப் பக்கமே அமைப்பு மேலாளராக இருந்தது. அப்பக்கத்தில் தோன்றிய பிளாஷ் பெட்டியைப் பலர் வெறும் விளக்கப்படம் என்றே எண்ணினர். உண்மையில் அது பயனரின் கணினியில் உள்ள கோப்புகளை நேரடியாகக் காட்டி மாற்றும் கருவியாகும்; அங்கு தோன்றிய தளங்களின் பட்டியல் நிறுவனத்துக்கு அனுப்பப்படவில்லை.

இதன் முக்கியமான பலகங்கள் பின்வருமாறு:

ஒட்டுமொத்தத் தனியுரிமை: ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி ஆகியவற்றை எந்தத் தளமும் பயன்படுத்தாமல் எப்போதும் மறுக்கலாம், அல்லது ஒவ்வொரு முறையும் கேட்கச் செய்யலாம்.

ஒட்டுமொத்தச் சேமிப்பு: இனிமேல் செல்லும் தளங்கள் எழுதக்கூடிய அளவைச் சுழியம், 10 கிலோபைட்டு, 100 கிலோபைட்டு, 1 மெகாபைட்டு, 10 மெகாபைட்டு, வரம்பின்மை ஆகியவற்றுள் ஒன்றாக வைக்கலாம். மூன்றாம் தரப்பு உள்ளடக்கம் சேமிப்பதை அனுமதிப்பதற்கான தெரிவுக் கட்டமும் இங்கேயே இருந்தது.

தளவாரியான தனியுரிமை: குறிப்பிட்ட தளம் ஒன்றுக்கு ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி அனுமதியைத் தனியாக மாற்றலாம்.

தளவாரியான சேமிப்பு: ஏற்கெனவே எழுதியுள்ள தளங்களைப் பார்வையிட்டு, ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோ அழிக்கலாம்.

பின்தொடர்தலைக் குறைக்க விரும்பிய பயனர் இப்பலகங்களை ஒரு வரிசைப்படி பயன்படுத்த வேண்டியிருந்தது. ஒட்டுமொத்தச் சேமிப்பு அளவு புதிய தளங்களுக்கு மட்டுமே பொருந்தியது. முன்பே சென்ற தளங்கள் தமது பழைய அளவைத் தக்கவைத்துக்கொண்டன. எனவே முதலில் தளவாரியான பட்டியலை முழுவதும் அழித்து, பிறகு ஒட்டுமொத்த அளவைச் சுழியமாக்கி, மூன்றாம் தரப்புக் கட்டத்தில் உள்ள குறியை நீக்க வேண்டும். நம்பகமான விளையாட்டுத் தளம் போன்றவற்றுக்கு அதன்பின் தனியாக அனுமதி அளிக்கலாம்.

அளவை 10 கிலோபைட்டாகக் குறைப்பது பயனற்றது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ஓர் அடையாள எண்ணை எழுதச் சில பத்து பைட்டுகளே போதும். ஆகவே சேமிப்பு அளவைக் குறைப்பது வட்டின் இடத்தைக் காத்தது. சுழியமாக்குவது மட்டுமே தனியுரிமையைக் காத்தது. அதே வேளையில், அனைத்தையும் அழித்த பயனர் தம் விளையாட்டுப் புள்ளிகளையும் இழந்தார். பழகிய கணினியா என்று அறியப் பிளாஷ் நினைவியைப் பயன்படுத்திய வங்கித்தளங்களில் கூடுதல் சரிபார்ப்புக்கும் உள்ளாக நேர்ந்தது.

அமைப்பு மேலாளரின் குறைபாடுகள்

அமைப்பு மேலாளர் இருந்தும் பெரும்பாலான பயனர்களுக்கு அது உதவாமைக்குப் பல காரணங்கள் இருந்தன. சேமிப்பு இயல்பிருப்பாக அனுமதிக்கப்பட்டிருந்தது. மறுக்க விரும்பியவரே தேடிச் செல்ல வேண்டியிருந்தது. 100 கிலோபைட்டைக் கடந்தால் மட்டுமே அனுமதி கேட்கும் பெட்டி தோன்றும் என்பதால், சிறு அடையாள எண் எழுதப்படுவதைப் பயனர் அறிய வாய்ப்பில்லை. பிளாஷ் உள்ளடக்கத்தின் மீது வலப்பக்கச் சொடுக்கினால் தோன்றும் அமைப்புப் பெட்டிக்குக் குறைந்தது 215 படப்புள்ளி அகலமும் 138 படப்புள்ளி உயரமும் தேவைப்பட்டன. ஒரு படப்புள்ளி அளவிலான நிரலில் அதற்கு இடமே இல்லை.

அமைப்புகள் ஓர் இணையப் பக்கத்தில் இருந்ததால் வேறோர் ஆபத்தும் ஏற்பட்டது. 2008 அக்டோபரில், அமைப்பு மேலாளர் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாதவாறு ஒரு விளையாட்டின் மீது படரவிட முடியும் என்பது செய்து காட்டப்பட்டது. விளையாட்டின் பொத்தான்களைச் சொடுக்குவதாக எண்ணிய பயனர், உண்மையில் தம் ஒளிப்படக்கருவிக்கு அனுமதி அளித்துக்கொண்டிருந்தார். இது சொடுக்குக் கடத்தல் எனப்படும். அடோபி அப்பக்கத்தை வேறு பக்கத்துக்குள் பதிக்க முடியாதவாறு திருத்தியது. ஆயினும் பக்கத்துக்குப் பதிலாக அதனுள் இருந்த பிளாஷ் கோப்பை மட்டும் பதித்து அதே தாக்குதலை நடத்தலாம் என்பதை 2011 அக்டோபரில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காட்டினார். அதுவும் பின்னர் திருத்தப்பட்டது.

உலாவிகளுடன் இணைத்தல்

2010 ஜூனில் வெளியான பிளாஷ் பிளேயர் 10.1 பதிப்பு, உலாவியின் தனிப்பட்ட உலாவல் முறையை மதித்து நடக்கத் தொடங்கியது. அம்முறையில் எழுதப்பட்ட பிளாஷ் நினைவிகள் சாளரத்தை மூடியதும் நீங்கின. உலாவிகளும் செருகுநிரல்களும் தரவை அழிக்கும் கட்டளையைப் பரிமாறிக்கொள்வதற்கான பொது இடைமுகம் ஒன்று மோசில்லா, கூகுள் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் உருவாக்கப்பட்டது. 2011 மே மாதத்தில் வெளியான 10.3 பதிப்பில் இது நடைமுறைக்கு வந்தது. அதன்பின், இவ்விடைமுகத்தை ஆதரித்த உலாவிகளில் நினைவிகளை அழிக்கும் கட்டளை பிளாஷ் நினைவிகளையும் அழித்தது. அதே பதிப்பில் அமைப்பு மேலாளர் கணினியின் கட்டுப்பாட்டுப் பலகத்துக்கு மாற்றப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டுகளில், பெட்டர்பிரைவசி போன்ற பயர்பாக்ஸ் நீட்சிகள் இப்பணியைச் செய்தன. உலாவி மூடப்படும்போது பிளாஷ் நினைவிகளை இந்நீட்சி தானாக நீக்கியது.

சட்ட நடவடிக்கைகள்

நினைவி மீட்டெழுப்பல் தொடர்பாகக் குவாண்ட்காஸ்ட், கிளியர்ஸ்பிரிங் ஆகிய நிறுவனங்கள் மீதும் அவற்றின் நுட்பத்தைப் பயன்படுத்திய தளங்கள் மீதும் 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டன. இவை 24 இலட்சம் அமெரிக்க டாலர் உடன்பாட்டில் முடிவுற்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், பயனரின் கருவியில் தகவலைச் சேமிக்கவோ படிக்கவோ அவரின் இசைவு வேண்டும் என்றது. இது குறிப்பிட்ட நுட்பத்தைப் பெயரிடாமல் சேமிப்பு என்னும் செயலையே குறித்ததால், பிளாஷ் நினைவிகளும் இதற்குள் அடங்கின.

செருகுநிரல்களும் உலாவிக் கைரேகையும்

சேமிப்பை முழுவதும் மறுத்தாலும் செருகுநிரல் பயனரைக் காட்டிக்கொடுக்கக்கூடும். கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருக்களின் பட்டியலைப் பிளாஷும் ஜாவாவும் தளங்களுக்குத் தெரிவித்தன. இத்தகைய விவரங்களைத் தொகுத்து ஓர் உலாவியை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது உலாவிக் கைரேகை எனப்படும். எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன் 2010 இல் வெளியிட்ட பனாப்டிகிளிக் ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளுள் 83.6 விழுக்காடு தனித்துவமான கைரேகை கொண்டிருந்தன. பிளாஷ் அல்லது ஜாவா இயங்கிய உலாவிகளில் இது 94.2 விழுக்காடாக இருந்தது. எனவே தேவையற்ற செருகுநிரலை நீக்குவதோ, சொடுக்கினால் மட்டும் இயங்கச் செய்வதோ அமைப்புகளை மாற்றுவதைவிடக் கூடுதல் பயன் தந்தது.

முடிவு

பிளாஷை 2020 இறுதியில் நிறுத்தப்போவதாக அடோபி 2017 ஜூலையில் அறிவித்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷ் உள்ளடக்கம் இயங்குவது தடுக்கப்பட்டது. அதே மாதத்தில் வெளியான பயர்பாக்ஸ் 85, குரோம் 88 ஆகிய பதிப்புகள் பிளாஷ் ஆதரவை முற்றிலும் நீக்கின. இதனைப் போன்றே தனிச் சேமிப்பிடம் கொண்டிருந்த மைக்ரோசாப்டின் சில்வர்லைட் செருகுநிரலுக்கான ஆதரவு 2021 அக்டோபரில் முடிவுற்றது. பிளாஷ் நீக்கப்பட்ட பழைய கணினிகளில் மாக்ரோமீடியா கோப்புறை எஞ்சியிருக்கலாம். அதில் முன்பு சென்ற தளங்களின் பெயர்கள் கோப்புறைப் பெயர்களாகவே இருக்கும் என்பதால், அதனைக் கைம்முறையாக அழித்துவிடுவது நன்று.

இன்றைய நிலை

பிளாஷ் நினைவி செய்த பணியை இன்று எச்.டி.எம்.எல். 5 வழங்கும் உள்ளகச் சேமிப்பு செய்கிறது. இதன் அளவு பொதுவாக ஒரு தளத்துக்கு 5 மெகாபைட்டு ஆகும். ஆனால் இது உலாவியின் பொறுப்பில் உள்ளது. நினைவிகளுடன் சேர்ந்தே அழிகிறது. மேலும், ஒரே மூன்றாம் தரப்பு பல தளங்களில் இடம்பெற்றாலும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிச் சேமிப்பறையை அளிக்கும் முறை உலாவிகளில் பரவியுள்ளது. பயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல் நினைவிகளை இவ்வாறு பிரித்து வைப்பதை இயல்பிருப்பாக்கியது. சஃபாரி 2020 மார்ச்சு முதல் மூன்றாம் தரப்பு நினைவிகளை முழுமையாகத் தடுக்கிறது.

செருகுநிரல்கள் மறைந்த பின், உலாவியில் சேர்க்கப்படும் வெளி நிரல்களாக நீட்சிகளே எஞ்சியுள்ளன. எல்லாத் தளங்களின் தரவையும் படிக்க அனுமதி பெற்ற நீட்சி, பயனர் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அறிய முடியும். குரோம் உலாவியில் நீட்சி ஒன்றின் தள அணுகலைச் சொடுக்கும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், எல்லாத் தளங்களிலும் என மூவகையாக வரையறுக்கலாம். தனிப்பட்ட சாளரங்களில் நீட்சிகள் இயங்குவது குரோமிலும் பயர்பாக்சிலும் இயல்பிருப்பாக மறுக்கப்பட்டுள்ளது.

பிளாஷ் நினைவியின் வரலாற்றில் கட்டுப்பாட்டுக் கருவி முதல் நாளிலிருந்தே இருந்தது. அது பயனர் தேடாத இடத்தில் இருந்ததும், இயல்பிருப்பு அவருக்கு எதிராக அமைந்ததுமே பின்தொடர்தலுக்கு வழிவிட்டன. ஆகவே புதிய நீட்சி ஒன்றை நிறுவும் பயனர், அது எதனைச் சேமிக்கிறது, உலாவியில் அழிக்கும்போது அதுவும் அழிகிறதா, இயல்பிருப்பு அனுமதிகள் எவை என்னும் மூன்றையும் அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.